ஆடும் பாலமும் புளியோதரைப் பையும்

— திருப்பிச் சொல்லு சபரி. யார் கையை யார் புடிச்சது?

— அவதான்டா என் கையைப் புடிச்சா பங்காளி. அந்த ரோலர் கோஸ்டர் மேல போயி தலைகுப்புற விழுதுல்ல, அப்ப. நான் சத்தியமா கேக்கலை.

— நான் உன்கிட்ட என்னடா சொன்னேன்? நீ பின்னாடி உக்காரு, வான்மதி பக்கத்து சீட்டை எனக்கு விடுன்னு சொன்னனா இல்லையா?

— சொன்ன. நீ வந்தியா? லைன்ல பாதி தூரம் வந்துட்டு, அவ "கதிர், இந்தப் பையைப் பாத்துக்கிறீங்களா"ன்னதும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிட்டு இந்த பெஞ்சுல வந்து உக்காந்துட்ட. அங்க அவ பக்கத்துல ஆளில்ல. கதவுகிட்ட ஆள் ஏத்திட்டு நின்ன வெள்ளைக்காரப் பையன் என்னைப் புடிச்சு அந்த சீட்டுல தள்ளிட்டான். நான் என்ன செய்ய?

— பையில புளியோதரை இருக்குடா. ரைடுக்குள்ள பை விட மாட்டாங்க. இந்த பார்க்குக்குள்ள வெளிச் சாப்பாடே கொண்டு வரக் கூடாது. அவ ஸ்வெட்டர்ல சுத்தி ஒளிச்சுக் கொண்டாந்திருக்கா. அதை அனாதையா விட்டுட்டு வர முடியுமா?

— முடியும். சில்லறை போட்டா லாக்கர் இருக்கு.

— எனக்கு அப்பத் தோணலை.

— எப்படித் தோணும்? அவ முகத்தைப் பாத்தா உனக்கு மூளை கடையைச் சாத்திருதே.

— மூளையைப் பத்தி நீ பேசாத. இந்த ப்ளானே மூளையை வெச்சுப் போட்டதுதான். நீதான் கெடுத்த.

— என்னா ப்ளான்? ஆறு பேரை வாடகை வேன்ல அடைச்சு, ஜெர்சி சிட்டில இருந்து டர்ன்பைக் ரோட்டுல ஓட்டிட்டு வந்து, பெஞ்சுல உக்காந்து பை காக்குறதா?

— சித்த நேரம் வாயை மூடிட்டுக் கேளு. வான்மதி சாயங்காலம் காலேஜ் போயி சைக்காலஜி படிக்கிறா, தெரியுமில்ல?

— தெரியும். பகல்ல நம்மகூட பேங்க்ல உக்காந்து, ரெண்டாயிரம் வருஷம் பொறந்தா கம்ப்யூட்டர் படுத்துக்குமாமே, அந்தக் கோளாறைத் தேடுறா. சாயங்காலம் மனுஷன் மண்டைக்குள்ள தேடுறா. ரெண்டாவது வேலைதான் கஷ்டம்.

— அவ புக்கை இரவல் வாங்கிப் படிச்சேன். உணர்ச்சியைப் பத்தி ஒரு சாப்டர். அதுல ஒரு சோதனை. ஆத்து மேல ஆடுற தொங்குபாலம். அதுல வர்ற ஆம்பளைங்களை ஒரு பொண்ணு நிறுத்தி, நாலு கேள்வி கேட்டு, போன் நம்பர் குடுக்கிறா. அந்தாண்ட ஆடாத கெட்டிப் பாலம் ஒண்ணு. அங்கயும் அதே மாதிரி நம்பர் குடுக்கிறா. எந்தப் பாலத்து ஆளுங்க ஜாஸ்தி போன் பண்ணாங்க, சொல்லு.

— கெட்டிப் பாலத்துக்காரன். ஆடுற பாலத்துல வந்தவன் வயிறு கலங்கி ரெஸ்ட்ரூம் தேடிப் போயிருப்பான்.

— ஆடுற பாலத்து ஆளுங்கதான்டா. பயத்துல நெஞ்சு அடிக்குது. எதிர்ல பொண்ணு நிக்குது. மூளை என்ன நெனைக்குது? ஓகோ, இவளாலதான் அடிக்குதுன்னு நெனைச்சுக்குது. உடம்பு முன்னால போயிருது, பொறவு மனசு வந்து காரணம் தேடுது.

— அட. இத்தனை வருஷம் எனக்குக் காதல் வராததுக்கு நெடுஞ்சாலைத் துறைதான் காரணமா? மதுரையில எல்லாம் கெட்டிப் பாலம்டா.

— மண்டைக்குள்ள அமிக்டலான்னு ஒண்ணு இருக்கு. பாதாங்கொட்டை சைஸ். பயம் அங்கிருந்துதான் கெளம்புது.

— என்னுது இப்ப வறுத்த பாதாம் ஆயிருச்சு பங்காளி.

— அதுக்குத்தான் ரோலர் கோஸ்டர். அவ நெஞ்சு அடிக்கிறப்ப பக்கத்துல நான் இருக்கணும். இப்ப நீ இருந்து தொலைச்சிட்ட. அவ மூளை உன் பேரை எழுதிக்கிச்சு.

— ஐயோ வேணாம்டா. எனக்கு திண்டுக்கல்ல பொண்ணு நிச்சயம் பண்ணியாச்சு. நவம்பர்ல கல்யாணம். மண்டபமே பேசிட்டாங்க.

— அதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவ அமிக்டலாகிட்ட சொல்லு.

— இரு, இரு. பங்காளி, எனக்கும் நெஞ்சு அடிக்குது.

— அது பயம்.

— மூளைக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நீதான சொன்ன? என் பக்கத்துல அவதான இருந்தா?

— சபரி, வேணாம்.

— நான் ஒண்ணும் சொல்லலை. மூளை சொல்லுது.

— பர்ஸ்ல இருக்கிற திண்டுக்கல் போட்டோவை எடுத்துப் பாரு.

— பாத்துட்டேன்.

— இப்ப எப்படி இருக்கு?

— இன்னும் ஜாஸ்தி அடிக்குது. இது கல்யாணத்தை நெனைச்சு.

— உனக்கு எல்லாம் லந்து. அடுத்த திங்கக்கிழமை நான் டல்லஸ்ல நிக்கணும். என்ற கான்ட்ராக்டை அங்க மாத்திட்டாங்க. அதுக்குள்ள அவகிட்ட சொல்லியாகணும். இப்ப சொல்லாமப் போனா என்னைக்குமே சொல்ல மாட்டேன். என்ற லட்சணம் எனக்குத் தெரியும்.

— தெனமும் ஒரே ட்ரெயின்லதான போறீங்க? சொல்லித் தொலைய வேண்டியதுதான?

— எங்கடா சொல்றது? ஜர்னல் ஸ்கொயர்ல ஏறினா அடுத்தவன் கக்கத்துலதான் மூஞ்சி. எக்ஸ்சேஞ்ச் ப்ளேஸ்ல இறங்கினா அந்த எஸ்கலேட்டர் மலையேத்தம். ஊரே அதுல நின்னுட்டு வருது. இவ நிக்க மாட்டா. "வாங்க கதிர்"னுட்டு டக்குடக்குனு நடந்து ஏறுவா. நான் பின்னால ஓடணும். மேல போறப்ப எனக்கு வாயில வார்த்தையா வரும்? காத்துத்தான் வரும்.

— பங்காளி, அவ வர்றா. கையில மூணு லெமனேட். நான் கெளம்புறேன், மத்தவங்க தண்ணி ரைடு லைன்ல நிக்கிறாங்க.

— என்ன சபரி, ஓடுறீங்க? உங்களுக்கும் சேத்து வாங்கியாந்தேன்.

— வேணாம் வான்மதி. நான் உங்களைத் தங்கச்சியாத்தான் பாக்குறேன்.

— இப்ப யாரு கேட்டா?

— சும்மா, ஒரு வார்த்தை சொல்லி வெச்சேன். வர்றேன்.

— அவருக்கு என்ன ஆச்சு கதிர்?

— பயந்துட்டானுங்க.

— அது சரி. மேல ஏறுனதுல இருந்து என் கையை விடலை. கள்ளழகரைக் கூப்பிட்டு, சொந்த ஊர்ல இருக்க எல்லா சாமியையும் கூப்பிட்டாரு.

— அவன் உங்க கையைப் புடிச்சானுங்களா? நீங்கதான் புடிச்சீங்கன்னான்.

— நான் எதுக்குப் புடிக்கேன்? மாஞ்சோலை எஸ்டேட் பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்து வளந்தவ நான். அந்த மலை வளைவுக்கு முன்னால இதெல்லாம் ஒரு ரைடா?

— உங்களுக்கு நெஞ்சு அடிக்கவே இல்லைங்களா?

— கொட்டாவி வந்துச்சு. அதுக்கு ஏன் உங்க மூஞ்சி தொங்குது?

— ஒண்ணுமில்லைங்க.

— சரி, அந்தப் பையைக் குடுங்க, சாப்பிடலாம். என் புக்கை நேத்து திருப்பிக் குடுத்தீங்களே, முழுசாப் படிச்சீங்களா?

— பாதி படிச்சேனுங்க.

— பாதியா? எல்லாப் பக்கமும் புதுசா இருக்கு. அந்தத் தொங்குபாலம் இருக்க பக்கம் மட்டும் கை பட்டு நைஞ்சு போச்சு.

— அது வந்துங்க...

— புக்கை வாங்கிட்டுப் போன மறுநாளே வந்து, "ஏனுங்க, எல்லாரும் ரோலர் கோஸ்டர் போலாமுங்களா"ன்னு கேட்டீங்க. படிச்சதும் பரிசோதனையாக்கும்?

— மன்னிச்சுக்கோங்க. நேரா வந்து சொல்லத் தைரியம் இல்லைங்க. டல்லஸ் போற நாள் வேற வந்துருச்சு.

— அதான் பையைக் கையில குடுத்து இங்க உக்கார வெச்சேன்.

— வேணும்னேதானுங்களா? லாக்கர் இருந்துச்சாமே?

— இருந்துச்சு. என்கிட்ட சில்லறையும் இருந்துச்சு.

— கோவமுங்களா?

— கோவமா இருந்தா புளியோதரை குடுப்பேனா? ஒண்ணு கேக்கேன், யோசிச்சுச் சொல்லுங்க. வந்ததுல இருந்து பெஞ்சுலயே உக்காந்திருக்கீங்க. ஏறலை, ஓடலை. உங்க நெஞ்சு இப்ப எப்படி அடிக்கு?

— சும்மாத்தானுங்க இருக்குது.

— நெசமாவா? கையைக் குடுங்க, நாடி பாக்கேன்.

— வேணாங்க. நீங்க கையைப் புடிச்சா கணக்கு மாறிரும்.

— அதுவும் சரிதான். அப்ப அப்படியே உக்காந்துட்டு, போறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லணும்னு நெனைச்சதைச் சொல்லுங்க.

— இப்பவேவா?

— இப்பத்தான். எழுந்திருக்கக் கூடாது.

— உங்களைப் புடிச்சிருக்குங்க. எக்ஸ்சேஞ்ச் ப்ளேஸ்லதான் ஆரம்பிச்சுது. தெனமும் எஸ்கலேட்டர் மேல வந்ததும் நீங்க நின்னு, திரும்பிப் பாத்து, ஏதாவது பேசுவீங்க. எனக்கு நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கும். சரி, இதுதான் காதல்னு முடிவு பண்ணேன். இன்னைக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. இங்க உக்காந்து பை மேல ஏறுன எறும்பைத் தட்டிவிட்டுட்டு இருந்தேன். அப்பவும் உங்களைத்தான் நெனைச்சேன். டல்லஸை நெனைச்சா சோறு எறங்காதுன்னு தோணுச்சு. நெஞ்சு அடிக்கலை. ஆனாலும் நீங்கதானுங்க.

— அந்தக் கடைசியைத் திருப்பிச் சொல்லுங்க.

— எதைங்க?

— அடிக்கலை, ஆனாலும்னு சொன்னீங்களே, அதை.

— ஆனாலும் நீங்கதானுங்க. ஏனுங்க, கண்ணுல தண்ணி வருது?

— மொளகாயைக் கடிச்சிட்டேன்.

— மொளகாயெல்லாம் பொறுக்கி ஓரமா வெச்சிருக்கீங்களே.

— எல்லாத்தையும் கவனிக்காதீங்க. டல்லஸ்லயும் பேங்க் இருக்கும்லா? எனக்கு அங்க ஒரு வேலை கெடைக்காமலா போகும்?

— இருக்குதுங்க. நெறைய இருக்குதுங்க. நான் திங்கக்கிழமையே விசாரிக்கிறேன். ஆனா ஒண்ணுதான் எனக்குப் புரியலை. நெஞ்சு அடிச்சா என்னங்க, அடிக்காட்டி என்னங்க? அதைப் பாக்க எதுக்கு என்னை இப்படி உக்கார வெச்சுச் சோதிச்சீங்க?

— எனக்குத் தெரிஞ்சாகணும்லா கதிர்? அந்தப் பக்கத்தை உங்களுக்கு மூணு மாசம் முன்னாடியே படிச்சவ நான். பின்ன, தெனமும் உங்களை எஸ்கலேட்டர்ல நிக்க விடாம எதுக்கு ஓட வெச்சேன்னு நெனைச்சீங்க?