அப்புத்துரை வீட்டுப் பெட்டி

நெருப்பைக் கொஞ்சம் தூண்டிவிடுங்கள். வயலுக்குப் பன்றி வந்தால் நாய் குரைக்கும். அதுவரை கேளுங்கள்.

இது எனக்கு நடந்ததல்ல... என் மச்சானோடு ஒன்றாக வேலை பழகிய சிறாஜுக்கு நடந்தது. முல்லைத்தீவு நீராவிப்பிட்டியில் இருக்கிறான். இன்றைக்கும் இருக்கிறான். போய்க் கேட்டால் சொல்லமாட்டான்.

நேரம் இரண்டு மணி நாற்பது. பகல்தான். எல்லாவற்றுக்கும் இரவு வேண்டுமென்று யார் சொன்னது?

ஆவணி வெயில். முரசுமோட்டையில் சிறுபோகம் வெட்டி முடிந்து வயல் முழுக்க அறுத்த தாள்தான். பரந்தன் வீதியிலிருந்து இறங்கி, வாய்க்கால் கரை மண்ரோட்டில் சிறாஜ் மோட்டார் சைக்கிளில் வருகிறான். வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியாயிற்று. சேறு காய்ந்து வெடித்த மணம். காற்றில்லை. ஆளில்லை. ஒரு மைல் போனால் ஒரு வீடு... அந்த வீடு அப்புத்துரையருடையது.

அப்புத்துரை அறுபதை நெருங்கிய கமக்காரர். ஒரே மகள் கஜனி லண்டனில். மனைவி சுகந்தினி போன ஆவணியில் நாகபாம்பு தீண்டி இறந்துபோனார். “நான் வயலுக்குப் போட்டு வந்து பாத்தா முற்றத்தில கிடக்கிறாள்.” ஊருக்கு அவர் சொன்னது அவ்வளவுதான்.

சிறாஜ் முல்லைத்தீவு டவுனில் டிவி, கமரா, வைஃபை பூட்டுகிற சின்னக் கடை வைத்திருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன்னர் கஜனி அனுப்பிய பெட்டியை இந்த வீட்டில் பூட்டிக்கொடுத்தவன் அவன்தான். ஒரு றாத்தல் பாண் அளவு கறுப்புப் பெட்டி. உள்ளே ஹார்ட் டிஸ்க். வீட்டுப் போன்களில் எடுக்கிற படங்கள், வீடியோக்கள் எல்லாம் தானாக அதற்குள் போய்ச் சேரும். முற்றத்துக் கமரா பிடிப்பதும் அதற்குள்தான். டிவியில் வயரைக் குத்திவிட்டால் அதே பெட்டி எல்லாவற்றையும் போட்டுக் காட்டும். சேர்த்து வைப்பதும் அது, படம் ஓட்டுவதும் அது.

அன்றைக்குச் சுகந்தினி வீட்டில் வறுத்த கோப்பி போட்டுக் கொடுத்தவர். “தம்பி, இதுக்குள்ள போனது அழியாதோ?”

“நாங்களா அழிச்சாலொழிய அழியாது அக்கா.”

அவருக்குச் சரியான சந்தோசம். மகள் நடந்தது, ஓடினது, பள்ளிக்கூடத்தில் ஆடினது எல்லாவற்றையும் அதற்குள் போட்டு, பின்னேரம் பின்னேரம் தனியே இருந்து பார்ப்பாராம்.

இப்போது சிறாஜ் உள்ளே போனபோது... டிவியை ஒரு போர்வையால் மூடி, கயிறு சுற்றிக் கட்டியிருந்தது.

“கஜனி திவசத்துக்கு வாறாள்” என்றார் அப்புத்துரை. “இதைப் பாத்தா அழுதுகொண்டே இருப்பாள். எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாக்கித் தா தம்பி.”

“படங்களை வேற டிஸ்க்கில எடுத்து வைக்கட்டோ ஐயா?”

“ஒண்டும் வேண்டாம்.”

அவர் இளநீர் வெட்டப் பின்வளவுக்குப் போனார். சிறாஜ் கயிற்றை அவிழ்த்து, டிவியைப் போட்டு, அழிக்க முதல் என்ன இருக்கிறதென்று பார்த்தான். கமராப் பதிவுகள் ஒரு மாதத்துக்கு மேல் நிற்காது. புதியது வரப் பழையது போய்விடும். ஆனால் இங்கே யாரோ கமராவின் வயரைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். அதனால் கடைசி நாள் கடைசி நாளாகவே கிடந்தது. சுகந்தினி இறந்ததற்கு அடுத்த நாளோடு பதிவு நின்றிருந்தது.

அவர் இறந்த நாளின் பதிவைத் திறந்தான். ஏன் திறந்தாய் என்று பிறகு என் மச்சான் கேட்டாராம். ‘கை போயிட்டுது’ என்றானாம்.

முற்றம். வெயில். மேலே மூலையில் நேரம்... இரண்டு நாற்பது.

விறகு அடுக்கியிருந்த பக்கத்திலிருந்து சுகந்தினி வருகிறார். கணுக்காலைப் பிடித்தபடி. படியில் இருக்கிறார். “இஞ்சாருங்கோ... பாம்பு கடிச்சுப்போட்டுது. மோட்டச்சைக்கிளை எடுங்கோ.”

வீட்டுக்குள்ளிருந்து அப்புத்துரை வருகிறார். வயலில் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து. காலைக் குனிந்து பார்க்கிறார். நேரே கேற்றுக்குப் போகிறார். சங்கிலி கலகலவென்று விழுகிற சத்தம்... பூட்டுகிறார். திரும்பி வந்து படியில் கிடந்த மனைவியின் போனை எடுத்துத் தன் சட்டைப் பையில் போடுகிறார். பிறகு விறாந்தையிலிருந்து ஒரு கதிரையை இழுக்கிறார். சீமெந்தில் கிர்ர்ர்... என்று அது அரைபடுகிறது. முற்றத்தில் போட்டு, இருக்கிறார்.

“காணிக்காகவோ?” என்று கேட்கிறார் சுகந்தினி. வாய்க்காலோடு கிடக்கிற மூன்று ஏக்கர். அவரின் சீதனக் காணி. கஜனிக்குத்தான் என்று, விற்கக் கையெழுத்து வைக்காமல் இருந்தவர்.

அப்புத்துரை காலுக்கு மேல் கால் போடுகிறார்.

சிறாஜ் வீடியோவை முன்னால் தள்ளினான். குசினிக்குள்ளிருந்து புகை வருகிறது. அடுப்பில் வறுபட்ட கோப்பி கருகுகிறது. அப்புத்துரை எழும்பிப்போய் இறக்கக்கூட இல்லை. இன்னும் தள்ளினான். சுகந்தினிக்கு இப்போது பேச்சு வரவில்லை. கண் இமைகள் தூக்க முடியாமல் விழுந்துவிட்டன. அவர்... ஒரு விரலால் தன் இமையைத் தானே மேலே தூக்கி, கமராவைப் பார்க்கிறார். நேராக. அப்படியே பார்த்துக்கொண்டு...

நேரம் மூன்று இருபத்தேழு.

“பாத்திட்டியோ தம்பி?”

பின்னால் அப்புத்துரை. ஒரு கையில் இளநீர். மற்றக் கையில் கத்தி. குரலில் கோபமில்லை. கத்தியை ஓங்கவுமில்லை. சும்மா நிற்கிறார்.

தொண்ணூறில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் சிறாஜின் ஆட்கள்; ஊர் திரும்பி இன்னும் சரியாக வேர் விடவில்லை. அவன் சொல்லை யார் எடுப்பார்கள்? வீட்டில் மனைவி மஸீனாவும் நாலு வயதுப் பிள்ளையும். ஒரு மைலுக்கு மனிதரில்லை. “நான் ஒண்டும் பாக்கேல்லை ஐயா” என்றான். அழிக்கிற பொத்தானை அமத்தினான்.

இருபத்திரண்டு நிமிடம் எடுத்தது. கஜனி நடந்தது, ஓடினது, ஆடினது... எல்லாம் போனது. அந்த நாற்பத்தேழு நிமிடமும் போனது. அவர் நீட்டிய இளநீரையும் வாங்கிக் குடித்தான். அதைச் சொல்லும்போதுதான் அவனுக்கு அழுகை வந்ததாம்.

ஆறாம் நாள் அப்புத்துரை போன் எடுத்தார்.

“நீ அழிக்கேல்லை.”

“அழிச்சனான் ஐயா. நீங்கள் பக்கத்திலதானே நிண்டனீங்கள்.”

“ஒவ்வொரு நாளும் ரண்டு நாப்பதுக்குத் தானாப் போடுது. வந்து பார்.”

போனான். போகாமலிருக்கத் துணிவில்லை. வீட்டு வாசலிலேயே கருகின கோப்பி மணம். குசினியைப் பார்த்தான். அடுப்பு பல நாளாய் மூட்டப்படாத சாம்பல். அப்புத்துரை முகம் மழிக்காமல், கண் உள்ளே போய், சுவரோடு சாய்ந்து இருக்கிறார். சிறாஜ் பெட்டியைப் பார்த்தான். டிஸ்க் வெறுமை. ஒன்றுமில்லை. சந்தேகம் தீர ஆணிகளைக் கழற்றி டிஸ்க்கையே வெளியே எடுத்து மேசையில் வைத்தான். வயரெல்லாம் கழற்றிவிட்டான்.

இரண்டு நாற்பது.

டிவி வெளித்தது.

அதே முற்றம். அதே வெயில். ஆனால் நிலத்தில் யாருமில்லை. கதிரையில் ஆள் இருந்தது. முதுகு இந்தப் பக்கம். சேலை. நரைத்த கொண்டை. அசையாமல், யாரோ வரவேண்டுமென்று பார்த்துக்கொண்டிருப்பதுபோல...

“முதல் நாள் கதிரை வெறுமையாக் கிடந்தது” என்றார் அப்புத்துரை, மெதுவாக. “ரண்டாம் நாள் வந்து இருந்தாள். இப்ப நான் வருமட்டும் காத்துக்கொண்டிருக்கிறாள்.”

சிறாஜ் செருப்பையும் மறந்துவிட்டு வெளியே ஓடிவந்தவன்.

திவசத்துக்கு முதல்நாள் மறுபடி போன். கஜனி நாளைக்கு வந்துவிடுவாள். வந்து டிவியையும் பெட்டியையும் ஒரேயடியாகத் தூக்கிக்கொண்டு போ என்று கெஞ்சினார். அந்தக் குரலைக் கேட்டு, சரி, இத்தோடு முடியட்டும் என்று சிறாஜ் போனான். போய்ச் சேர மூன்று மணி தாண்டிவிட்டது.

கேற் திறந்திருந்தது. உள்ளே போனான். புகை. கோப்பி கருகுகிற மணம், மூக்கை எரிக்கிற மாதிரி.

முற்றத்தில் அப்புத்துரை மல்லாந்து கிடந்தார். வாய் அசைகிறது, சத்தமில்லை. கண் இமைகள் பாதியில் விழுந்து நிற்கின்றன. அவருக்கு முன்னால் கதிரை. அதில் ஒரு பெண்பிள்ளை. இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். வடிவான நீளப் பின்னல். காலுக்கு மேல் கால் போடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக இருந்தாள்.

கஜனி வந்துவிட்டாள் என்று நினைத்தான்.

“தங்கச்சி, என்ன நடந்தது? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்.”

அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. “இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு” என்றாள்.

அப்புத்துரையின் கக்கத்துக்குள் கைகொடுத்துத் தூக்கினான். வரவில்லை. ஒரு மெலிந்த கிழவனின் பாரமில்லை அது... நிலத்தோடு சேர்த்து நட்ட மாதிரி. போனை எடுத்தான், சிக்னல் இல்லை. கேற்றுக்கு ஓடினான். சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. அவன் வந்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் அவனைக் கடந்து போகவுமில்லை. கேற்றைப் பிடித்து உலுப்பிக் கத்தினான். வயலுக்கு மேலால் அந்தச் சத்தம் போய்... ஒருவரும் வரவில்லை.

“நீங்கள் விறாந்தையில போய் இருங்கோ தம்பி” என்றாள் அவள். “உங்களுக்கு உது பழக்கம்தானே.”

தன்னைவிட இளைய பெண்பிள்ளை ‘தம்பி’ என்கிறாளே என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. கால் தானாக நடந்தது. போய் இருந்தான். மிச்ச நேரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புத்துரையின் கை நிலத்தைப் பிறாண்டுவது ஓய்ந்தது. ஓய்ந்ததும் அவள் எழும்பினாள். கதிரையைத் தூக்கவில்லை. இழுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனாள். கிர்ர்ர்...

மூன்று இருபத்தேழு. கேற் திறந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று எழுதினார்கள். பொலிஸ் வந்து விசாரித்தது. வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டார்கள். மகள் இருந்தாள் என்றான் சிறாஜ். விசாரித்த சார்ஜன்ட் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“மகள் பின்னேரம் ஆறு அம்பதுக்குத்தான் கட்டுநாயக்காவில இறங்கினவ. பாஸ்போட்டில சீல் இருக்கு.”

விடிய வந்து சேர்ந்த கஜனியைச் சிறாஜ் செத்தவீட்டில் கண்டான். குட்டையாய் வெட்டின மயிர், கண்ணாடி, பருத்த உடம்பு. அந்தப் பெண்ணின் சாயல் ஒரு துளி இல்லை. பிறகு உள்ளே சுவரைப் பார்த்தான். கலியாணப் படம். அப்புத்துரைக்குப் பக்கத்தில் அதே முகம், அதே நீளப் பின்னலோடு, இருபத்தேழு வயதுச் சுகந்தினி...

இதோடு முடிந்திருக்கலாம். முடியவிடாதவன் சிறாஜ்தான்.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு கழிந்தபிறகு கஜனி அவனுடைய கடைக்கு வந்தாள். வெறும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு.

“அண்ணா, அம்மாவின்ர வீடியோ ஏதும் மிஞ்சியிருக்கோ? அவவின்ர குரல் கேட்டாலே காணும்.”

“ஒண்டும் இல்லைத் தங்கச்சி.”

“அப்பா ஏன் அழிக்கச் சொன்னவர்? உங்களுக்கு ஏதும் தெரியுமோ?”

அவன் சொல்லியிருக்கலாம். இனிக் கத்தியும் இல்லை, அப்புத்துரையும் இல்லை. ஆனால் சொன்னால், நீ ஏன் அழித்தாய் என்று கேட்பாளே. அழித்துவிட்டு ஏன் இளநீர் குடித்தாய் என்று அவள் கேட்கப்போவதில்லை... ஆனால் அவனுக்குள் கேட்கும். “டிஸ்க் பழுதாப் போச்சுது” என்றான். “அதுதான் அழிச்சனான்.”

கஜனி நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனபின் கடைக்குள் கருகின கோப்பி மணம் வந்து... கொஞ்சம் நின்றுவிட்டுப் போனதாம்.

சிறாஜின் வீட்டிலும் அதே மாதிரி ஒரு பெட்டி உண்டு. அடுத்த வெள்ளிக்கிழமை மஸீனா கலியாண வீடியோவைப் போட்டுவிட்டு அவனைக் கூப்பிட்டாள். மேடையில் மஸீனா இருக்கிறாள். பக்கத்தில் வெறும் இருக்கை. அவள் அந்த வெறும் இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். அவனுடைய உம்மா வெறும் காற்றுக்கு இனிப்பு ஊட்டுகிறா. பெருநாள் படங்கள், கடை திறந்த படங்கள், எதிலும் அவன் இல்லை. போனில் இருந்தவற்றிலும் இல்லை. கூட்டாளிமாரிடம் கேட்டான். அவர்களிடம் இருந்த படங்களிலும் அவன் நின்ற இடம் வெளியாக இருந்தது.

ஒரே ஒரு வீடியோவை மட்டும் அவனுக்குப் போட்டுப் பார்க்கப் பயம். மகள் ஸம்ஹா முதல்முதல் நடந்த அன்று மஸீனா எடுத்தது. பிள்ளை தத்தித் தத்தி வரும், அவன் அள்ளித் தூக்கிச் சுற்றுவான்.

ஒரு நாள் கடையால் வந்தபோது டிவியில் அது ஓடிக்கொண்டிருந்தது. ஸம்ஹா தனியே முன்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் பிள்ளை நடக்கிறது. கையை நீட்டுகிறது. யாரும் இல்லை... பிள்ளை நிலத்தைவிட்டு எழும்புகிறது. காற்றில், இடுப்பளவு, நெஞ்சளவு. தலைகீழாகச் சுற்றிச் சுற்றிச் சிரிக்கிறது.

சிறாஜ் ஓடிப்போய் டிவியை நிறுத்தினான்.

ஸம்ஹா சிணுங்கினாள்.

“ஏன் வாப்பா நிப்பாட்டினீங்கள்? அந்த மாமி இன்னும் என்னைக் கீழ விடேல்லை.”