மாடிக்கு ஓலை

கிரேஸ்: ஆட்டை முதல்ல அவுத்துக்கினு போங்க தம்பி. என் செம்பருத்தியத் தின்னுக்கினு இருக்குது.

பிரேம்நாத்: அது சிம்பல்க்கா. படத்துல ஏழை வீட்டு வாசல்ல ஒரு ஆடு நின்னா...

கிரேஸ்: எங்க தெருவுல ஆடே கிடையாதேப்பா!

பிரேம்நாத்: அதான் வாடகைக்குக் கொண்டாந்தோம்.

கிரேஸ்: அந்த ஓட்டைக் குடம்?

பிரேம்நாத்: அது சமூகம்.

கிரேஸ்: ஓட்டை?

பிரேம்நாத்: ...அதுவும் சமூகம்தான். டைரக்டர் ரொம்ப நாள் யோசிச்ச ஷாட்க்கா.

கிரேஸ்: குழாய் வீட்டுக்குள்ளயே வருது. அதை எட்டிப் பாத்திருந்தா அவ்ளோ யோசிச்சிருக்க வேணாமே.

பிரேம்நாத்: அக்கா, வெயில் இறங்குது. உங்க மாடிய ஓலை கட்டி மறைச்சுட்டா எடுத்துடலாம். படத்துல பண்ணையாருக்கு மட்டும்தான் மாடி இருக்கணும். கேமரா அவரைக் கீழேருந்து பாக்கும், உங்க தெருவை மேலேருந்து பாக்கும். மேல் கீழ் வித்தியாசம்... சொல்லாமலே புரிஞ்சுடும்.

கிரேஸ்: அப்போ எங்க ஆளுங்க உச்சந்தலைதான் தெரியும்?

பிரேம்நாத்: ஒரு க்ளோசப் இருக்குதுக்கா. உங்க தெரு பூவம்மாள் அக்கா கால். பித்தவெடிப்போட.

கிரேஸ்: அவங்க மருதாணி வச்சு, பட்டு கட்டிக்கினு வந்தாங்களே!

பிரேம்நாத்: தெருவே பட்டுலதான் வந்துச்சு. எல்லாரையும் மாத்த வச்சோம்.

கிரேஸ்: காஞ்சிபுரத்துல ஷூட்டிங்னா வேற எதைக் கட்டிக்கினு வருவாங்க?

பிரேம்நாத்: அக்கா... வீட்டைக் குடுக்கறேன்னு சம்மதிச்சீங்க.

கிரேஸ்: காட்டச் சம்மதிச்சேன். மறைக்கச் சம்மதிக்கல.

பிரேம்நாத்: ஒரு நாள்தானே...

கிரேஸ்: இதையேதான் அவங்களும் சொன்னாங்க.

பிரேம்நாத்: யாரு?

கிரேஸ்: ஊர்ப் பெரியவங்க. இந்த ரோட்டுல சாமி ஊர்வலம் போவுது, சாமிக்கு மேல நீங்க நிக்கக்கூடாது, மாடிய இடின்னாங்க.

பிரேம்நாத்: நீங்க...

கிரேஸ்: தையல் மெஷினைத் தூக்கிக்கினு போய் மேலயே போட்டுத் தைக்க உக்காந்தேன். அப்புறம் அவங்கதான் கொஞ்சம் இறங்கி வந்தாங்க. சரி, திருவிழா அன்னிக்கு ஒரு நாள் மட்டும் முன்பக்கம் தட்டி கட்டி மறைச்சுக்கோன்னாங்க.

பிரேம்நாத்: ...ஓலைத் தட்டியா?

கிரேஸ்: ஓலைதான். அன்னிக்கே கட்டல. அவங்களுக்குச் சாமி, உங்களுக்கு சிம்பல். எனக்கு ரெண்டும் ஒரே ஓலை.

பிரேம்நாத்: டைரக்டர் உங்க பக்கம்தான்கா. போராளி அவரு.

கிரேஸ்: பாத்தேனே. மத்தியானம் குடைக்குக் கீழ அவருக்கு மீன் வறுவல். வெயில்ல எங்க ஆளுங்களுக்குத் தனி வரிசை, தனிக் குழம்பு. அது என்னா சிம்பல்?

பிரேம்நாத்: அது... புரொடக்‌ஷன்.

கிரேஸ்: நீங்க எந்த வரிசைப்பா?

பிரேம்நாத்: ...நான் இன்னும் சாப்பிடலைக்கா.

கிரேஸ்: இந்தக் கதைய யார் எழுதுனது?

பிரேம்நாத்: டைரக்டர்தான். போஸ்டர்ல அப்படித்தான் போடுவாங்க.

கிரேஸ்: உங்களுக்கு எந்த ஊரு?

பிரேம்நாத்: சென்னை... இப்போ.

டைரக்டர் (வாக்கி-டாக்கியில்): பிரேம்! மானிட்டர்ல இன்னும் மாடி தெரியுது. ஓலை கட்டற ஆளுங்க எங்க?

பிரேம்நாத்: எங்கக்கா அவங்க?

கிரேஸ்: மாடியில டீ குடிச்சுக்கினு இருக்காங்க. எங்க சொந்தக்காரங்கதான். நான் வேணாம்னா ஒரு ஓலையைத் தொடமாட்டாங்க.

டைரக்டர்: பிரேம், காதுல விழுதா? மாடி இருந்தா இது அவங்க வீடுன்னு யார் நம்புவா?

பிரேம்நாத்: சார்...

கிரேஸ்: இங்க குடுங்க அதை. நான் சொல்றேன்.

பிரேம்நாத்: இருங்கக்கா. நானே சொல்றேன்... சார், ஓலை கட்டலை. இல்ல சார், அவங்க மட்டும் சொல்லல, நானும்தான் சொல்றேன். நான் எழுதிக் குடுத்த கதையில வர்ற அந்தம்மாவுக்கு மாடி இருந்துச்சு. நம்ப மாட்டாங்கன்னு நீங்கதான் வெட்டுனீங்க. அது கற்பனை இல்ல சார். இங்க பக்கத்துல தாமல்ல, எங்க ஊர்ல, எங்க அம்மா கட்டுனது. சாயங்காலமானா இப்பவும் அம்மா அது மேல நின்னு ஊரையே பாக்கும்.