புது வீடு உண்டு

களுதாவளையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள்.

“மகளுக்கு மாப்பிள்ள தேடிப் பேப்பரில விளம்பரம் போட்டீங்களாம், மச்சாள்?”

“விளம்பரமில்ல, அறிவித்தல். விளம்பரம் சாமான் விக்கத்தானே போடுற.”

“என்னெண்டு எழுதின நீங்க?”

“மணமகன் தேவை, பெண்ணுக்குப் புது வீடு உண்டு எண்டு. நம்மட பக்கம் பொண்ணுக்கு வீடு குடுக்கிறது வழமைதானே.”

“போன் வந்ததா?”

“காலையிலருந்து வருது. ஒருத்தர் எத்தின அறை எண்டார். இன்னொருத்தர் கிணத்துத் தண்ணி உப்பா எண்டு கேட்டார். மாப்பிள்ள வீட்டாரா, வீடு வாங்குற ஆக்களா எண்டு எனக்கு விளங்கல்ல.”

“புள்ளையப் பத்தி?”

“பேரைக்கூட ஒருத்தரும் கேக்கல்ல.”

பஸ் ஆரையம்பதியைத் தாண்டியது. பிறகு தாய் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப நான் போட்டது என்ன, மச்சாள்?”