லூபெக்கின் செங்கல் சுவர்களும் வட்டுவாகல் மணலும்

ஓடுகிறோம். மணல் காலை இழுக்கிறது. இடது பக்கம் கடல். வலது பக்கம் நந்திக்கடல் என்ற உப்பேரி. முன்னால் எங்கோ வட்டுவாகல் பாலம். எனக்குப் பின்னால் அம்மா. அம்மாவின் கையில் மூடி போட்ட அலுமினியப் பானை. உள்ளே நிலத்துக்கான காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள். 2009, மே மாதம், போரின் கடைசி நாட்கள். விடிந்து கொஞ்ச நேரம்தான்.

தூரத்தில் ஒரு "டும்". எறிகணை புறப்பட்ட சத்தம். எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. ஏழு வரை வந்துவிட்டேன். அப்புறம் கூவல்.

"படுங்கோ! குப்புறப் படுங்கோ!"

யார் கத்தியது என்று தெரியாது. படுத்தேன். வாய் நிறைய மண். வெடித்தது. காதுக்குள் ஒரு ஊளை. வேறு சத்தமே இல்லை. எழுந்தேன். அம்மா எழவில்லை.

என் பெயர் சுகந்தி. அன்று வயது பதினேழு. இப்போது தண்டலத்தில் ஒற்றை அறை வாடகை வீடு. ஒரகடத்தில் கார்களுக்கு வயர்க் கட்டு பின்னும் லைனில் வேலை. நடந்ததை யாரும் மறக்கக் கூடாது. அதற்காக எழுதுகிறேன். பொறாமையையும் எழுதுகிறேன். பதினாறு வருடம் அது என்னோடு இருந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் இது பொய்ச் சாட்சி.

என் அக்கா வாணி அன்று அங்கே இல்லை. முந்தின நாள் மாலை அப்பாவின் தொடையில் எறிகணைச் சிதறல் பட்டது. அக்காவும் இரண்டு ஆண்களும் லுங்கிச் சாரத்தில் கிடத்தி அவரைத் தூக்கிக்கொண்டு பாலத்தை நோக்கிப் போனார்கள். "நீயும் அம்மாவும் விடிய வாங்கோ" என்றாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் வெளியே போகிறாள். நான் இன்னும் உள்ளே. பொறாமை அங்கே தொடங்கியது.

அப்பா வவுனியா ஆஸ்பத்திரியில் இறந்தார். பாலத்தைத் தாண்டி அக்காவிடம் சேர்ந்தேன்; இருவரையும் வவுனியா முகாமில் அடைத்தார்கள். ஜெர்மனியில் இருந்த மாமாவால் ஒருத்தியைத்தான் எடுக்க முடிந்தது. மூத்தவளை எடுத்தார். நான் படகில் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கினேன். அப்புறம் அகதி முகாம். அப்புறம் ஒரகடம்.

அக்கா முதலில் ஹாம்பர்க்கில் இருந்தாள். பிறகு லூபெக். இரண்டும் பழைய துறைமுக நகரங்கள். லூபெக்கில் ஆற்றங்கரைப் பழைய கட்டடம் ஒன்றில் அலுவலகம். அதைத் துடைத்துக் கூட்டுவது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ அனுப்புவாள். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பேன்.

தண்ணீர். தண்ணீரை ஒட்டிச் சிவப்புச் செங்கல் கட்டடங்கள் ஆறு. முகப்புச் சுவர்கள் படிப்படியாக மேலே போய் முடிகின்றன. உப்புக் கிடங்குகளாம். பல நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலில் ஏற்ற உப்பு வைத்தவை. இன்னும் நிற்கின்றன. என் அப்பா இளவயதில் ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர். எங்களுக்கும் உப்பு இருந்தது. அது இருந்த கட்டடத்தின் ஒரு படம்கூட என்னிடம் இல்லை. அவர்களுடைய உப்புக்கு வீடு இருக்கிறது. என் அப்பாவுக்குக் கல்லறை இல்லை.

ஹாம்பர்க் வீடியோக்கள் இன்னும் மோசம். கால்வாயின் இரு பக்கமும் சரக்குக் கிடங்குகள். செம்புக் கூரை பச்சை பூத்துக் கிடக்கிறது. சேற்றில் மரத்தூண்களை இறக்கி அதன்மேல் எழுப்பியவை. உச்சியில் மூட்டை தூக்கும் கப்பி. உலகப் போரில் பாதி குண்டு விழுந்து போனது. இருந்த மாதிரியே திரும்பக் கட்டினார்கள். ஒரு தேவாலயத்தை மட்டும் திரும்பக் கட்டவில்லை. கரி பிடித்த கோபுரத்தை அப்படியே நிறுத்திவைத்திருக்கிறார்கள். யாரும் மறக்கக் கூடாதாம்.

திரும்பக் கட்டியதைப் பார்த்தும் வயிறு எரிந்தது. கட்டாமல் விட்டதைப் பார்த்தும் எரிந்தது.

பக்கத்து இருக்கை தேவகிக்கு. உள்ளூர்க்காரி. என் லைனில்தான் வேலை. ஒருநாள் கேட்டாள்.

"இன்னா சுகந்தி, டெய்லி அந்த வூட்டையே பாத்துகினு கீற? வாங்கிக் குடி போகப் போறியா?"

"அக்கா இருக்கிற ஊர்."

"அக்காவப் பாக்குறியா, ஊரப் பாக்குறியா? அக்கா மூஞ்சி வந்தா தள்ளி வுட்டுடுற."

போனைப் பைக்குள் போட்டேன். பஸ் ஒரகடம் திரும்பியது. பக்கத்து ஆலையில் கதவுத் தகடு அடிக்கும் பிரஸ். "டொம்". என்னை அறியாமல் எண்ணத் தொடங்குகிறேன். ஏழு வரும் முன்பே அடுத்த "டொம்". வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இந்தச் சத்தத்துக்கு மேசையடியில் புகுந்திருக்கிறேன்.

இப்போது நான் செய்த தவறு. அக்கா போனில் வருடா வருடம் மே மாதத்தில் கேட்பாள். "அம்மா கடைசியா என்ன சொன்னவா?" நான் சொல்வேன். "ஒண்டும் சொல்லேல்ல." எங்கே புதைத்தாய் என்பாள். "ஞாபகம் இல்லை." இரண்டுமே பொய். அவளுக்கு நாடு கிடைத்தது. கடவுச்சீட்டு கிடைத்தது. ஆற்றங்கரை கிடைத்தது. அம்மாவின் கடைசி நிமிடம் ஒன்றுதான் அவளிடம் இல்லாத என் சொத்து. அதை ஏன் கொடுக்க வேண்டும் என்று இருந்தேன்.

இந்த வருடம் பிப்ரவரியில் அக்கா வந்தாள். வவுனியா முகாமில் பிரிந்த பிறகு முதல் தடவை. தண்டலம் நிறுத்தத்தில் டாக்ஸியில் இருந்து இறங்கினாள். தலை பாதி நரைத்திருந்தது. வீடியோவில் அது தெரியவில்லை. நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்னவோ. கட்டிப் பிடித்தாள். என் கைகள் தொங்கிக்கொண்டே இருந்தன.

மாலை செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். வேறு எங்கே கூட்டிப்போவது. கரைமேல் உட்கார்ந்தோம். அக்கா போனில் புதுப் படம் காட்டினாள். லூபெக்கில் ஒரு பெரிய தேவாலயத்தின் உள்ளே. தரையில் உடைந்து நசுங்கிய இரண்டு பெரிய மணிகள். சுற்றிலும் தடுப்பு.

"நாப்பத்திரண்டாம் ஆண்டு, குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள் இரவு குண்டு போட்டவங்கள். கோபுரம் எரிஞ்சு மணி விழுந்தது. விழுந்த இடத்திலயே விட்டிருக்கினம். தொடேல்ல."

"அந்தச் சண்டையைத் தொடக்கினதே ஜெர்மன்காரர்தானே?"

"ஓம். அதையும் மறைக்கேல்ல. எழுதித்தான் வச்சிருக்கினம்."

அதற்கு மேல் முடியவில்லை. பதினாறு வருடமும் வாயில் வந்தது.

"தங்கட பிழையை எழுதிவைக்கவும் அவைக்கு ஒரு சுவர் இருக்கு. மணி விழுந்த இடத்தைச் சுத்திக் கயிறு கட்டியிருக்கினம். எங்கட அம்மா விழுந்த இடத்தில என்ன இருக்கு? நீங்கள் போயிட்டியள். நல்ல ஊரா எடுத்துக்கொண்டு போயிட்டியள். ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு அதைக் காட்டுறியள். ஏன் காட்டுறியள், அக்கா?"

அவள் கத்தவில்லை. போனை அணைத்து மடியில் வைத்தாள்.

"அந்த மணிக்குப் பக்கத்தில குந்தி இருக்க ஒரு நீள வாங்கு இருக்கு. வேலை முடிஞ்சு அங்க போய் இருப்பன். அம்மாவுக்கு எண்டு மெழுகுதிரி கொளுத்துவன். எனக்குப் போய் இருக்க வேற இடம் இல்லை, சுகந்தி. அவை ஆருக்கோ அழுகிற இடத்தில நான் கள்ளமா அழுறன். நீ அம்மாவைக் கையால மண் போட்டு மூடினனி. நான் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு ஏத்தி விட்டிட்டு பாலத்துக்கு அங்கால நிண்டு, நீங்கள் ரெண்டு பேரும் வருவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். நீ மட்டும் வந்தாய். உன்ர நகத்துக்குள்ள மண் இருந்தது. அந்த மண்ணில எனக்குப் பொறாமை. இவ்வளவு வருசமும்."

ஏரிக்கு அந்தப் பக்கம் ஆலைக் கூரைகள் மங்கிக்கொண்டு வந்தன. கொக்குகள் கரை மாறின. பிறகு சொன்னேன். முதல் தடவையாக. ஒன்றும் மறைக்காமல்.

அம்மா உடனே சாகவில்லை. வயிற்றில் பட்டிருந்தது. தலையை மடியில் வைத்துக்கொண்டேன். நூறு வரை எண்ணலாம், அவ்வளவு நேரம் உயிர் இருந்தது. தண்ணீர் கேட்கவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"வாணி பாலம் தாண்டியிருப்பாளோ?"

"தாண்டியிருப்பா, அம்மா" என்றேன். அம்மாவின் கண் மூடியது.

மடியில் வைத்திருந்தது நான். அம்மா கேட்டது அக்காவை. அதைத்தான் என்னால் கொடுக்க முடியவில்லை.

அக்கா கரையில் குனிந்து மண்ணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்படியே அழுதாள். இந்தமுறை என் கைகள் தொங்கவில்லை. அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். கொஞ்சம் தணிந்ததும் கேட்டாள்.

"எவடத்தில புதைச்சனி? விவரமாச் சொல்லு. எழுதுவம்."

அறைக்கு வந்தோம். அக்கா எழுதினாள். நான் சொன்னேன். கவிழ்ந்து எரிந்த டிராக்டர். அதிலிருந்து நந்திக்கடல் பக்கம் முப்பத்தெட்டு காலடி. இரண்டு பனை, ஒன்றுக்குத் தலை இல்லை. பானை மூடியால் தோண்டினேன். முழங்கால் ஆழம்தான் முடிந்தது. அடுத்த "டும்" கேட்டது. முகத்தை என் தாவணியால் மூடினேன். மண்ணைத் தள்ளிவிட்டு, பானையை அங்கேயே விட்டு ஓடினேன்.

அக்கா தாளில் கோடு போட்டு வரைந்தாள். கடல். மணல். டிராக்டர். பனை. மூன்று தடவை அழித்து வரைந்தாள். நான் சரி என்று சொல்லும்வரை விடவில்லை. அடியில் அம்மாவின் பெயரை எழுதினாள். ஒரு பிரதி எனக்கு. ஒரு பிரதி அவளுக்கு.

தேவகியிடம் எல்லாம் சொன்னேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்டாள். இல்லை. லூபெக் சுவர்களைப் பார்த்தால் இன்றும் எரிகிறது. அக்காவைப் பார்த்து எரியவில்லை. அவள் முகம் வந்தால் இப்போது தள்ளிவிடுவதில்லை.

இழந்தவை. இருவரும் சேர்ந்து எண்ணியவை.

அம்மா, இராசமலர், நாற்பத்தாறு வயது. அப்பா, தருமலிங்கம், ஐம்பத்திரண்டு. சாரத்தின் ஒரு முனையைப் பிடித்து வந்த ஆண்களில் இளையவர். பெயர் தெரியாது. பாலத்தடியில் விழுந்தார்.

வீடு ஒன்று. மூன்று அறை, ஓட்டுக் கூரை. கிணறு ஒன்று. தென்னை பதினொன்று. பசு இரண்டு, கயிற்றை அறுத்துவிட்டு வந்தோம். அப்பாவின் சைக்கிள். அம்மாவின் தையல் மிஷின், பதுங்கு குழிக்குள் இறக்கி வைத்தது. காணி உறுதி. நாங்கள் நால்வரும் சேர்ந்து இருந்த படம் ஒன்று. வேறு படம் எடுக்கவே இல்லை.

அம்மா கடைசியாகக் கேட்டது தன்னைத்தான் என்று தெரியாமல் அக்கா வாழ்ந்த பதினாறு வருடம். அதை எடுத்தவள் நான்.