முந்திரிக்காட்டுச் சோதனை ஓட்டம்

இரவு எட்டு மணி இருக்கும். ஜெயங்கொண்டத்துக்கு மேற்கே, முந்திரிக்காட்டுக்கு நடுவே போகும் ஒற்றைத் தார்ச்சாலை. கடைசி பஸ் போய்விட்டால் நாய்கூடக் குறுக்கே வராது…

நம் குன்னத்து அறிவரசனுக்குச் சித்தப்பா முறை, கருப்பண்ணன். அவருக்கு நடந்தது இது. அறிவரசன் இங்கே இருந்திருந்தால் சொல்ல விட்டிருக்க மாட்டான். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த போன் வெளிச்சத்தையும் அணைத்துவிடுங்கள்.

கருப்பண்ணன் மெக்கானிக். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஜீப்புகள், குவாரி வண்டிகள்… மற்ற பட்டறைகள் கைவிட்டதெல்லாம் அவரிடம் வரும். ‘ஓடுறப்ப ஊளையிடுது, எங்கேன்னு தெரியல’ என்பார்கள். ஸ்டியரிங் பிடித்திருப்பவனுக்கு அது தெரியவே தெரியாது. இரும்பு சத்தத்தை இழுத்துக்கொண்டு போகும். முன்னால் கத்துவது பின்னால் கேட்கும். அதனால் ஒருவர் ஓட்ட வேண்டும். ஒருவர் பின்னால் தரைத் தகட்டில் காதை ஒட்டிப் படுத்துக்கொண்டு வர வேண்டும்.

படுப்பவர் கருப்பண்ணன். ஓட்டுபவள் அவர் பெண்டாட்டி சுமதி.

ஊரே சிரித்தது. “பொண்டாட்டி ஓட்டுறா, புருசன் படுத்துக்கிட்டுப் போறான் பாரு.” சுமதி கண்டுகொள்ள மாட்டாள். அவர் பின்னாலிருந்து “காலை எடு!” என்று கத்துவார். “எந்தக் காலை? எனக்கு ரெண்டு இருக்கு” என்பாள். “ஆக்சிலேட்டர் காலை, சனியனே!” என்பார். “வூட்டுல நான் பேசுனா காதுல ஏறாது. இந்தத் தகரம் பேசுனா மட்டும் காதை ஒட்டவச்சுக்கிட்டுக் கேக்குது ஆம்பள” என்பாள். பழுது இருக்கும் இடம் பிடிபட்டதும் அவர் “புடிச்சிட்டேன்” என்பார். அவள் வண்டியை ஓரங்கட்டிவிடுவாள். ஒருநாளும் அவர் சொல்லாமல் அவள் நிறுத்தியதில்லை.

தை மாதம் ஒரு காலையில் கியர் ஆயில் வாங்க ஸ்கூட்டியில் போனாள். சுண்ணாம்புக்கல் லாரி… ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோது முகத்தில் ஒரு கீறல் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் அவருக்கு ஆறுதலாகச் சொன்னார்கள். முகம் நல்லா இருக்கு. முகம் நல்லா இருக்கு. அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு ஊளையிடும் வண்டி எதையும் அவர் தொடவில்லை. பிரேக் பார்ப்பார், ஆயில் மாற்றுவார். சித்திரையில் உடையார்பாளையத்து அரங்கநாதன் தன் ஜீப்பைக் கொண்டுவந்து பட்டறையில் விட்டுவிட்டுப் போய்விட்டார். “கருப்பண்ணா, எம் பொண்ணு சண்முகப்பிரியா கைப்புள்ளையோட வந்திருக்கு. வர்ற வாரம் பச்சமலைக்கு மொட்டையடிக்கப் போறோம். நீ பார்த்தாத்தான் எனக்கு நிம்மதி.”

சாவியை வாங்கிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் அந்த எட்டு மணி. தனியாக ஓட்டிப் பார்த்தார். நாற்பதைத் தாண்டினால் ஊளை. எங்கிருந்து…? எல்லாப் பக்கமும்தான். காட்டுக்கு நடுவே ஓரங்கட்டி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, என்ஜினை ஓடவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கீழே உதிர்ந்த முந்திரிப்பழம் புளித்து நாறியது. என்ன நினைத்தாரோ, இறங்கி, பின்னால் ஏறி, தகட்டில் காதை வைத்துப் படுத்துவிட்டார். அழத்தான் படுத்தார். வாய் மட்டும் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“போலாம் சுமதி.”

ஹேண்ட்பிரேக் இறங்கியது. தடக்.

கிளட்ச் உள்ளே போகும் கிறீச்சுச் சத்தம். முதல் கியர். வண்டி நகர்ந்தது.

அவர் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் இரண்டு சீட்டுக்கும் நடுவே முன்பக்கம் தெரியும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். இரண்டாவது கியர்… போடுவதற்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம், மூச்சை உள்ளே இழுப்பதுபோல. கிளட்ச்சை விடுவதில் ஆளுக்கு ஒரு பழக்கம் உண்டு, கையெழுத்து மாதிரி. இருபது வருசம் உடம்பால் படித்த கையெழுத்து அது. கிரீஸ் போவதற்குத் தேய்க்கும் பார் சோப்பு வாசம் வந்தது. பட்டறையில் அந்தச் சோப்பு வாங்கி மூன்று மாதம் ஆகிறது.

“காலை எடு” என்றார்.

என்ஜின் சத்தம் தணிந்தது. ஊளை தணியவில்லை.

“கிளட்ச்ச மிதி. நியூட்ரல்.” வண்டி சும்மா உருண்டது. ஊளையும் கூடவே உருண்டது. என்ஜினில் கோளாறு இல்லை. “லேசா வலப்பக்கம் ஒடி… இப்ப இடப்பக்கம்.” மாறவில்லை. சக்கரத்திலும் இல்லை. “மண்ணுல எறக்கி, முன்சக்கரத்தையும் சேத்துக்க.” சின்ன லிவர் ‘டக்’கென்று விழுந்தது. ஊளை சட்டென்று தடித்து, அவர் கன்னத்துக்கு நேர் கீழே வந்து அதிர்ந்தது. கியர்பாக்ஸுக்குப் பின்னால், விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துவிடும் பெட்டி. அதற்குள்ளே பின்பக்க பேரிங்.

தெரிந்துவிட்டது. வாய்வரைக்கும் வந்துவிட்டது.

“இன்னும் தெரியல” என்றார் கருப்பண்ணன். “ஓட்டு.”

டீசல் முள் சிவப்பைத் தொடும்வரை அந்தக் காட்டைச் சுற்றி வந்தார்கள். அவள் பேசவில்லை. அவரும் தலையைத் தூக்கவில்லை. டீசல் தீர்ந்து வண்டி தானாக நின்றபோது சீட்டில் யாரும் இல்லை.

மறுநாளும் போனார். அதற்கு அடுத்த நாளும். டேங்கை நிரப்பிக்கொண்டு போனார். சோறு இறங்கியது. தாடியை மழித்தார். பக்கத்துக் கடைக்காரர்கள், பரவாயில்லை, மனுசன் தேறிவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு நாளும் அதே ஊளை, அதே பொய். “இன்னும் தெரியல.” ஆனால் ஊளைக்குள்ளே இப்போது ஒரு நறநறப்பு கேட்க ஆரம்பித்திருந்தது, பல்லுக்கிடையே மணல் அகப்பட்டதுபோல. அந்த பேரிங் உடைந்தால் ஷாஃப்ட் இறுகும். சக்கரம் நிற்கும். மலை வளைவில் நின்றால்…

அரங்கநாதன் போன் செய்தார். “என்னப்பா, ஒரு வாரமா வச்சிருக்க? சத்தம்தானே, கெடந்துட்டுப் போவுது. நாளைக்கு டிரைவரை அனுப்புறேன், வண்டியக் குடுத்துவிடு.”

“ஒரு ராத்திரி குடுங்க சார்” என்றார் கருப்பண்ணன். “பேத்தி போற வண்டி.”

அன்றைக்கு ரொம்ப நேரம் சுற்றினார்கள். காட்டின் கடைசி வளைவில் அவர் தகட்டில் உள்ளங்கையை விரித்து வைத்தார். கீழே அந்தப் பெட்டி கொதித்தது.

“புடிச்சிட்டேன் சுமதி.”

வண்டி நிற்கவில்லை.

அவள் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. ஊளையோடு வண்டி போய்க்கொண்டே இருந்தது… கொஞ்ச தூரம். அவர் இன்னொரு தடவை சொன்னார், கெஞ்சுவதுபோல. “போதும் தாயி. புடிச்சிட்டேன்.”

மெல்ல, மிக மெல்ல, ஓரங்கட்டி நின்றது. சாவி திரும்பும் சத்தம். பிறகு பூச்சிச் சத்தம் மட்டும்.

விடிய விடியப் பெட்டியைக் கழற்றினார். பேரிங்கின் குண்டுகள் கையில் பொடியாக வந்தன. புதுசு போட்டு, ஆயில் ஊற்றி, வண்டியை ஸ்டாண்டில் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். பட்டுத்துணி உரசுவதுபோல ஓடியது. ரோட்டில் ஓட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பட்டறையில் சோதனை ஓட்டம் இல்லாமல் வெளியே போன முதல் வண்டி அதுதான். சத்தமே இல்லாத வண்டியில் அவள் எதற்கு வரப்போகிறாள்? பின்னால் படுத்து, “போலாம்” என்று சொல்லி, வண்டி நகராமல் நிற்பதை அனுபவிக்க அவருக்குத் தெம்பில்லை. காலையில் டிரைவர் வந்தான், எடுத்துக்கொண்டு போனான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் போன் வந்தது. பச்சமலை அடிவாரத்திலிருந்து அரங்கநாதன். பின்னால் குழந்தை அழும் சத்தம்.

“கருப்பண்ணா, ஊளை சுத்தமா போச்சுப்பா. வெண்ணெயா ஓடுது. ஆனா…”

“சொல்லுங்க சார்.”

“டிரைவரு வண்டிய விட்டு எறங்கிட்டான். ஏறமாட்டேங்குறான். சரின்னு நானே ஒக்காந்தேன். இந்தக் கிளட்ச்… நான் மிதிக்கிறதுக்கு முன்னாடியே அதுவா உள்ள போவுது.” அவர் குரல் இறங்கியது. “செருப்பக் கழட்டிட்டு வெறுங்கால வச்சுப் பாத்தேன். கால்ல இரும்பு தட்டுப்படல கருப்பண்ணா. மெத்துனு இருக்கு. சூடா… அடியில இன்னொரு பாதம் இருக்குறாப்புல இருக்கு.”

கருப்பண்ணன் பட்டறைச் சுவரைப் பிடித்துக்கொண்டார். எதிர்முனையில் ஹலோ, ஹலோ என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

“பைய மிதிங்க சார்” என்றார்.