கல்வீட்டுக்காரர் கொடுத்த தோள்

இன்று டோல்கேட்டில் பஸ் ஏறிய இரண்டு துறைமுகத் தொழிலாளிகள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் புதிதாக மொட்டை அடித்திருந்தார்.

“கல்வூட்டு சின்ன மொதலாளிக்குப் பாடை தூக்கவே தெரியல மாமு,” என்றார் அவர்.

“யாரு, படகு வச்சிகீறாங்களே, அவுங்களா? அவரு இன்னாத்துக்குத் தூக்கினாரு?”

“அவரு கொள்ளுத்தாத்தாவ எங்க தாத்தா தூக்குச்சு. அவரு தாத்தாவையும் அப்பாவையும் எங்க நைனா தூக்குச்சு. நேத்து நைனாவ எடுக்கசொல்ல, சட்டையக் கழட்டிட்டு வந்து தோள் குடுத்தாரு.”

“அந்த வூட்டு ஆளுங்க உங்க தெருவுக்குள்ளயே வந்ததில்லியேப்பா!”

“அதான் மாமு. தோளு உரிஞ்சு போச்சு, ஆள் மாத்தலாம்னா கேக்கல.”

“குள்ளமான ஆளாச்சே. பாடை கோணிக்கல?”

“கோணிக்குச்சு. கொள்ளிச்சட்டியோட நான் திரும்பித் திரும்பிப் பாக்கறேன். சுடுகாடு வரிக்கும் நைனா அவரு பக்கமே சாஞ்சுகினு வருது.”