பழைய டெலிபோன் ஒத்துவராது

— கையை எடுங்க ஐயரே. அந்த டெலிபோனைச் சுவத்துலேர்ந்து கழட்டக் கூடாது.

— பேகம் அம்மா, நீங்க திரைக்குப் பின்னாடி நின்னுண்டு சொல்றேள். சாஹிப் உத்தரவு வேற மாதிரின்னா இருக்கு? பாண்டி பஜார் கடையில அஞ்சு லைன் டெலிபோன் போர்டை எடுத்துட்டு பத்து லைன் போர்டு வெச்சாச்சு. உலக யுத்தம் முடிஞ்சு இப்பத்தான் கிடைச்சுது. இந்தப் பழைய டெலிபோன் அதுக்கு ஒத்துவராது.

— இத்தனை வருஷம் ஒத்து வந்துச்சே?

— அது பழைய போர்டு. புதுசுல லைனுக்கு ஒரு சின்ன மூடி. யார் கூப்பிடறாளோ அந்த மூடி விழணும். இது கைப்பிடி சுத்தற டெலிபோன். நீங்க இங்கே சுத்தினா அங்கே பத்து மூடியும் ஒண்ணா விழும். போர்டுல உக்காந்து லைன் குடுக்கற ஜெயலக்ஷ்மி பாவம், எதைன்னு பாப்பா?

— வந்துட்டா பாரு! அமீனா, கேட்டியா? ஊர்ல எவன் வாயைத் திறந்தாலும் அவ பேருதான்.

— கேட்டுக்கினுதான் கீறேன் பேகம்.

— ஐயரே, அவ பார்க்க எப்படி இருப்பா?

— அம்மா, நான் கம்பி பாக்க வந்தவன்.

— கம்பியைப் பார்த்துக்கிட்டே சொல்லுங்க.

— ஒல்லியா, மூக்குக்கண்ணாடி போட்டுண்டு இருப்பா. போர்டை விட்டுத் தலையை நிமிர்த்த மாட்டா.

— தலை நிமிராதவதான் ஆபத்து. நிக்காஹ் ஆகி இருபத்திரண்டு வருஷம். வீட்டுல எங்க சாஹிப் பத்து வார்த்தை பேசமாட்டார். அங்கே என்னடான்னா நாள் பூரா, "ஜெயலக்ஷ்மி, இந்த நம்பர் குடும்மா." இவளும் "சரிங்க சார்." அந்த சார்ல எத்தனை சர்க்கரை தெரியுமா?

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— இந்த டெலிபோன்லதான். கடை லைனும் எங்க லைனும் ஒண்ணு. எடுத்தா எல்லாம் கேட்கும். மத்தியானம் லுஹர் தொழுதுட்டு உக்காந்தா சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் கேட்பேன்.

— நானும் பக்கத்துலயே குந்திக்கினு கீறேன். காலு மரத்துப் பூடும்.

— நீ சும்மா இரு. ஐயரே, புதுசு வந்தா என்ன ஆகும்?

— எடுத்ததும் ஜெயலக்ஷ்மி பேசுவா. அவ கொடுத்தாத்தான் சாஹிப்.

— என் புருஷன்கிட்ட பேச அவகிட்ட நான் கை கட்டி நிக்கணுமா? எங்க மாமனார் காலத்துலேர்ந்து இந்த வீட்டுப் பொம்பளைங்க எவகிட்டயும் நின்னதில்லை. எங்க இஸ்ஸத், மானம் என்ன ஆகிறது? இது அவளோட வேலைதான். அவதானே மாத்தச் சொன்னா?

— ஆமாம். அவதான் சொன்னா.

— பார்த்தியா அமீனா! சாஹிப் வரட்டும். இன்னியோட அவளை வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் மறுவேலை.

— ஐயோ, அப்படிச் செஞ்சுடாதீங்கோ! ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கப்படாது. ரிசீவரைக் காதுல வெச்சுண்டு அமீனா பீகிட்ட பேசுவேளா?

— பேசாம? கேட்டதை எல்லாம் உடனுக்குடனே சொல்லலைன்னா இவ விடமாட்டாளே.

— நீங்க பேசறதும் கம்பியில போகுமே அம்மா.

— எங்கே போகும்?

— கடைக்கு. லைன்ல எந்த வியாபாரி இருந்தாலும் அவன் காதுக்கு.

— யா அல்லாஹ்! அமீனா, நான் என்னென்ன சொன்னேன்?

— நம்ம வீட்டு ஷாகிரா பாப்பா சம்பந்தம் நின்னு பூட்டது. சாய்பு பொய்ப்பல்லு வெச்சுக்கினு கீறது. அந்தப் பொண்ணைத் திட்டினது ஒண்ணா ரெண்டா?

— ஐயரே, நிஜத்தைச் சொல்லுங்க. யார் யார் கேட்டாங்க?

— ஜெயலக்ஷ்மி மட்டுந்தான். நீங்க வாயைத் திறந்த உடனே ரெண்டு பக்கத்தையும் துண்டிச்சுடுவா. பேச்சு நடுவுல அறுந்துபோறதுன்னு சாஹிப் எத்தனையோ தரம் கத்தியிருக்கார். லைன் கோளாறுன்னுட்டு வாங்கிக் கட்டிண்டா.

— என்னைப் பத்தி அவர்கிட்ட சொல்லலையா?

— சொல்லலை. பெரிய வீட்டு மானம், வெளியில தெரியப்படாதுன்னா.

— அப்போ டெலிபோனை மாத்த அவர்கிட்ட என்ன காரணம் சொன்னா?

— அதுக்குத்தான் என்னைப் பிடிச்சா. ஒத்துவராதுன்னு ஒரு பொய் சொல்லுங்கோன்னா, சொன்னேன். இந்தப் பழைய டெலிபோன் அந்தப் போர்டுக்கு நன்னாவே ஒத்துப்போகும் அம்மா.